ஆணம் ஆறிட்டு

காரைதீவுச் சந்தி தாண்டியதும் பக்கத்து மடியில் இருந்த குழந்தை அழத் தொடங்கியது. அக்கரைப்பற்றுப் போகும் பஸ் அது. காலையில் கம்பஸ் பிள்ளைகளும் கந்தோர் வேலைக்குப் போகிறவர்களும் ஏறிவிட்டால் கால் வைக்க இடம் இருக்காது. நஸ்லாவுக்குச் சன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. பக்கத்தில் ஒரு இளம் தாய், மடியில் மூன்று வயது மதிக்கத்தக்க பெண் குழந்தை. வெயில் நேராக முகத்தில் அடித்ததோ, நின்றுகொண்டு வந்தவரின் பை தலையில் இடித்ததோ, குழந்தை மூச்சடைக்க அழுதது. தாய் பிஸ்கட்டைக் கொடுத்துப் பார்த்தாள்; தட்டிவிட்டது. தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தாள்; அதையும் தட்டிவிட்டது. கடைசியில் கைப்பைக்குள் கையை விட்டு ஃபோனை எடுத்தாள். அவளுடைய பெருவிரல் திரையை மேலே தள்ளத் தொடங்கியபோதே நஸ்லாவின் கை மாஸ்க்குக்குப் போனது. எல்லா வீடியோவும் அந்த வீடியோவாக இருக்க முடியாதுதான். ஆனாலும் யாராவது ஃபோனை எடுத்தால் அவளுடைய கை அப்படித்தான் செய்தது.

அந்த வீடியோவேதான். முதலில் றபான் மேளம் தட்டுவது போல ஒரு தாளம். அதன்மேல் ஒரு பெண்ணின் உடைந்த குரல்: "வாப்பா வருவாரு... ஆணம் ஆறிட்டு... ஆணம் ஆறிட்டு." கடைசி எழுத்தை வெட்டி ட்டு, ட்டு, ட்டு என்று திரும்பத் திரும்ப ஓட விட்டிருந்தார்கள். குழந்தை அழுகையை நிறுத்தியது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தபடியே வாயைத் திறந்து சிரித்தது. "இன்னொருக்கா" என்றது. தாய் இன்னொரு முறை போட்டாள். முன்சீட்டில் இருந்த பையன் ஒருவன் திரும்பிப் பார்த்து, தாளத்துக்குத் தலையை ஆட்டினான். நஸ்லா முகத்தில் இருந்த மாஸ்க்கைக் கண்ணுக்குக் கீழே வரை இழுத்துவிட்டு, நிந்தவூர் வயல்களைப் பார்த்தபடி இருந்தாள். கொரோனா போய் எவ்வளவோ காலம். அந்த பஸ்ஸில் மாஸ்க் போட்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

கம்பஸ் சந்தி வந்தபோது இறங்கவேண்டியிருந்தது. "கொஞ்சம் எழும்புங்க ராத்தா, நான் இறங்கணும்" என்றாள். குழந்தை படக்கென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தது. "உம்மா, ஆணம்!" என்று கத்தியது.

குழந்தைக்கு முகம் தேவைப்படவில்லை. குரலே போதுமாக இருந்தது. தாய் நஸ்லாவின் கண்களை உற்றுப் பார்த்தாள்.

"யா அல்லாஹ், நீங்களா? எங்கட மகள் உங்களப் பாத்தாத்தான் சோறே தின்னுவா. வாப்பா சுகமா இரிக்காரா?"

"ஓம், இரிக்கார்."

"அல்ஹம்துலில்லாஹ். நாங்க எவ்வளவு துஆக் கேட்டம் தெரியுமா."

பொய்யில்லை என்று நஸ்லாவுக்குத் தெரியும். அந்தப் பெண் உண்மையிலேயே கையேந்திக் கேட்டிருப்பாள். குழந்தை நஸ்லாவின் தலைச்சீலை நுனியைப் பிடித்துக்கொண்டு, அதைச் சொல்லும்படி ஆசையோடு மாஸ்க்கையே பார்த்தது. விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு அவள் இறங்கினாள். பஸ் புறப்பட்டபோது உள்ளே இருந்து யாரோ அதை உரக்கச் சொன்னார்கள். பலர் சிரித்தார்கள்.

அது நடந்தது காற்று மாறுகிற காலத்தில். நஸ்லாவின் வாப்பா ஆதம்லெவ்வையும் வேறு மூன்று பேரும் போன ஆழ்கடல் படகு, வரவேண்டிய நாளில் வரவில்லை. வயர்லெஸ்ஸிலும் சத்தமில்லை. சாய்ந்தமருதில் படகுக்காரர் வீடுகளில் இது புதிதல்ல. ஒரு நாள், இரண்டு நாள் பிந்தும். ஆனால் ஒரு கிழமை தாண்டியபோது, வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும் விதமே மாறிவிட்டது. நாள்கணக்கில் கடலில் மீனையே தின்று வருகிற ஆதம்லெவ்வைக்குக் கரையில் மீன் முகத்தில் முழிக்கப் பிடிக்காது. கத்தரிக்காய் போட்ட இறைச்சிக் குழம்புதான், ஊர்ப் பேச்சில் ஆணம்தான், வேண்டும். அவர் வரவேண்டிய நாளன்று உம்மா றாபியா அதை ஆக்கி வைத்தாள். அடுத்த நாளும் ஆக்கினாள். அதற்கடுத்த நாளும். பகல் முழுக்க அடுப்படியில் மூடி வைத்திருந்து, பொழுது பட்டதும் ஒரு சொல் பேசாமல் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினாள். வேண்டாம் என்று சொல்ல வீட்டில் யாருக்கும் துணிவில்லை. அவள் ஆக்குவதை நிறுத்துகிற நாள்தான் வாப்பா இல்லை என்று முடிவாகிற நாள் என்பது போல நஸ்லாவுக்கும் தங்கச்சி ஸஹ்றாவுக்கும் இருந்தது.

அந்த நாட்களில்தான் ஒருநாள் பின்னேரம், பெண்கள் கூட்டமாக நின்ற கடற்கரைக்கு ஸஹீத் வந்தான். 'கரைச்செய்தி' என்று பேஸ்புக்கில் ஒரு பக்கம் நடத்துகிறவன். மரண அறிவித்தல், மின்வெட்டு நேரம், பாடசாலை விளையாட்டுப் போட்டி எல்லாம் அதில் வரும். ஊரில் இளசுகள் பத்திரிகை பார்த்து வருசங்கள் ஆகிவிட்டன; எது நடந்தாலும் கரைச்செய்தியில் போட்டுவிட்டானா என்றுதான் பார்ப்பார்கள். அவன் ஃபோனை உயர்த்திப் பிடித்து, "தங்கச்சி, வாப்பாக்கு என்ன சொல்ல விரும்புறீங்க?" என்று கேட்டான். நஸ்லாவுக்கு எதிரில் ஃபோன் தெரியவில்லை. கடல்தான் தெரிந்தது. "வாப்பா வருவாரு" என்றாள். "உம்மா ஆக்கி வெச்சிரிக்கா. ஆணம் ஆறிட்டு. ஆறினாப் பறவால்ல, சுட வெச்சித் தாறன். ஆணம் ஆறிட்டு வாப்பா..." அதற்குமேல் சொல் வரவில்லை. வாய் திறந்தபடி நின்றது, மூக்கு ஒழுகியது, தலைச்சீலை சரிந்தது.

இரண்டு நாட்கள் நாடே அவளோடு அழுதது. கட்டாரில், குவைத்தில் வேலை செய்கிறவர்கள் கண்ணீர் வடியும் மஞ்சள் முகங்களை அனுப்பினார்கள். பாண்டிருப்பில் இருந்து ஒரு அம்மா கோயிலில் நேர்த்தி வைத்திருப்பதாக எழுதினாள். அதற்குப் பிறகு, திருகோணமலைப் பக்கத்துப் படகொன்று நடுக்கடலில் இஞ்சின் நின்று மிதந்தவர்களைக் கண்டு கட்டி இழுத்து வந்தது. நாலு பேரும் உயிரோடு. ஊர் கடற்கரையில் திரண்டது. அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கியது. அந்தக் கிழமை முடிவதற்குள் யாரோ ஒருவன், எங்கேயோ ஒரு அறையில் இருந்துகொண்டு, அவளுடைய அழுகைக்குக் கீழே தாளத்தைப் போட்டான்.

பிறகு அது யார் கையிலும் இல்லை. பஸ் பிந்தினால் ஆணம் ஆறிட்டு. சோதனை முடிவு வராவிட்டால், காதலி மெசேஜுக்குப் பதில் போடாவிட்டால், கிரிக்கெட்டில் ஒருவன் தட்டிக்கொண்டே நின்றால், எல்லாவற்றுக்கும் ஆணம் ஆறிட்டு. திறந்த வாயும் சரிந்த தலைச்சீலையுமாக அவளுடைய முகம் வட்ஸ்அப்பில் ஸ்டிக்கராக வந்தது. இந்தியாவில் யாரோ "ஆணம்னா என்ன ப்ரோ?" என்று கேட்க, இன்னொருவன் "அவங்க நாயோட பேரு" என்று பதில் எழுதியிருந்தான். கல்முனையில் புதிதாகத் திறந்த சாப்பாட்டுக் கடையொன்று "எங்கட ஆணம் ஆறாது" என்று பலகை போட்டது. அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர். திறப்பு விழாவுக்கு அவளையும் குடும்பத்தோடு அழைத்திருந்தார்.

வாப்பா திரும்பி வந்திராவிட்டால் அதை ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள். அவர் உயிரோடு வந்ததால் சிரிப்பது பாவமில்லை என்றாகிவிட்டது. கம்பஸில் ஒருநாள் பிந்தி வந்த மாணவனைப் பார்த்து விரிவுரையாளர், "வாங்க, வாங்க, ஆணம் ஆறிட்டு" என்றார். வகுப்பு வெடித்துச் சிரித்தது, பிறகு மொத்தமாக நஸ்லாவின் பக்கம் திரும்பியது. அவர் வெளியூர்க்காரர்; அது அவள்தான் என்று அவருக்குத் தெரியாது. வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். "சொறி மகள், எனக்குத் தெரியா. ஆனா, வாப்பா வந்துட்டாருதானே?" என்றார். எல்லாரும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றார்கள். வாப்பா வந்துட்டாருதானே, மறுகா என்ன? சில வேளை கோபம் மிஞ்சி, நினைப்பு ஒரு இடத்தை நோக்கி வழுக்கிக்கொண்டு போகும். வராமல் இருந்திருந்தால் என்று தொடங்கும். "அஸ்தஃபிருல்லாஹ்" என்று வாய்விட்டுப் பாவமன்னிப்புக் கேட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். பக்கத்தில் இருப்பவர்கள் என்னவென்று கேட்பார்கள்.

அந்த இரண்டு சொற்களும் அவளுடைய வாயை விட்டே போய்விட்டன. கடையில் சாப்பாடு எடுத்தால் கறி என்றாள், குழம்பு என்றாள், விரலால் காட்டினாள். தேத்தண்ணி ஆறிப்போனால் சொல்லாமல் குடித்தாள். வீட்டில் உம்மா மறதியாக "தேத்தண்ணி ஆறிட்டு புள்ள" என்று சொல்லிவிட்டுப் பதறி வாயைப் பொத்துவாள். ஸஹ்றா சிரிப்பை அடக்கிக்கொண்டு அறைக்குள் ஓடுவாள். "ராத்தா, நீங்களே சிரிச்சிக்கிட்டு ஒரு டிக்டொக் போடுங்க. வெக்கப்படல்லண்டு கண்டா உட்டுருவாங்க" என்பது ஸஹ்றாவின் யோசனை. வகுப்புத் தோழி மேர்சியா வேறுமாதிரிச் சொன்னாள்: "நீ பேசாம இரி நஸ்லா. ரெண்டு கிழமையில வேற யாரும் அம்பிடுவாங்க." நஸ்லா காத்திருந்தாள். வேறு பலர் அகப்பட்டார்கள், வந்தார்கள், போனார்கள். அவள் மட்டும் போகவில்லை.

பஸ்ஸில் அந்தக் குழந்தை தலைச்சீலையைப் பிடித்த அன்று, விரிவுரைக்குப் போகாமல் கன்டீன் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தவளை மேர்சியா கண்டாள். என்ன நடந்தது என்று கேட்டாள். கேட்டுவிட்டு, "வா, அவனிட்டப் போவம். முதல் போட்டவன் அவன்தானே" என்று கையைப் பிடித்து எழுப்பினாள்.

ஸஹீதின் இடம் கல்முனைக் கடைத்தெருவில், ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடி. ஒரு கணினி, இரண்டு கதிரை, வட்ட வெளிச்ச விளக்கு ஒன்று, செய்தி வாசிக்கிறவர் பின்னால் தொங்கவிட நீலச் சீலை. நஸ்லாவைக் கண்டதும் அவன் எழுந்து நின்றான். வரவேண்டிய ஆள் வந்துவிட்டது போல அவனுடைய முகம் சுருங்கியது.

"அந்தத் தாளம் நான் போட்டது இல்ல தங்கச்சி. குர்ஆன் மேல சத்தியமா நான் இல்ல."

"தெரியும்" என்றாள் நஸ்லா. "நீங்க போட்டத அழிக்கேலுமா?"

அவன் ஒரு கதிரையை அவள் பக்கம் தள்ளிவிட்டான். "அன்டைக்கு அத எடுக்கக்குள்ள நானும் அழுதன். ஒண்டு சொல்லுவன், கோவிக்காதீங்க. திருகோணமலப் படகுக்காரங்க அந்தத் தெசைக்கு ஏன் போனாங்க தெரியுமா? உங்கட வீடியோவப் பாத்துட்டுத்தான். தேடிப் பாப்பம் எண்டு அவங்களாப் போயிரிக்காங்க. பேட்டி எடுக்கக்குள்ள என்னட்டச் சொன்னாங்க."

மேர்சியா நஸ்லாவைப் பார்த்தாள். நஸ்லா நீலச் சீலையைப் பார்த்தபடி இருந்தாள். இது அவளுக்குப் புதுச் செய்தி. காலடியில் இருந்த கடைசி மண்ணும் அலையோடு நழுவியது போல இருந்தது. கோபப்படுவதற்கு ஒரு ஆளைத் தேடி இவ்வளவு தூரம் வந்தால், அவன் வாப்பாவைக் கடலில் இருந்து எடுத்துக் கொடுத்தவனாக நிற்கிறான்.

"ஆனாலும் அழிங்க" என்றாள். குரல் தனக்கே கேட்காத மாதிரி வந்தது.

"இன்னொரு வழி இரிக்கி. நீங்க ஒரு வீடியோவில வந்து, இத உடுங்க, எனக்கு மனசு நோகுது எண்டு கதைங்க. நான் போடுறன்."

"அதுக்கும் தாளம் போடுவாங்க."

ஸஹீத் மற்றக் கதிரையில் உட்கார்ந்தான். ஃபோனை எடுத்து, அவளுக்குத் தெரியும்படி சாய்த்துப் பிடித்து, தேடி எடுத்து அழித்தான். அதன் கீழே கிடந்த ஆயிரக்கணக்கான துஆக்களும் நேர்த்திகளும் கண்ணீர் முகங்களும் அதோடு போயின. "முடிஞ்சிது" என்றான். படியில் இறங்கும்போது நஸ்லாவுக்கு உடம்பு உண்மையிலேயே லேசாக இருந்தது. மேர்சியா குளிராக ஏதும் குடிப்போமா என்று கேட்டாள். கடைத்தெருவுக்கு வந்து நிற்கையில், ஒரு ஓட்டோ பக்கத்தால் போனது. பின்னால் கட்டியிருந்த பெட்டிக்குள் இருந்து றபான் தாளம் இடித்தது.

இரண்டு நாள் கழித்துப் பகல் சாப்பாட்டு நேரம் அவள் வீட்டுக்கு வந்தபோது, வாப்பா பின்வளவில் முருங்கை நிழலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்ததில் இருந்து அவர் கடலுக்குப் போகவில்லை. முதலில் காய்ச்சல் என்றார், பிறகு முதுகு என்றார். படகு முதலாளி ஆள் அனுப்பினால் தொழப் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னார். கடலைப் பற்றி வீட்டில் ஒரு சொல்லும் கதைத்ததில்லை. அன்றைக்கு அவர் ஃபோனை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, தடித்த விரலால் திரையைக் கோபத்தோடு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மகள், இஞ்ச வாங்க. இதில ஒண்டக் காணல்ல."

"என்ன வாப்பா?"

"நீங்க அழுத வீடியோ. அந்தப் பொடியன்ட பேஜில இரிந்திச்சே. முந்தாநேத்துல இரிந்து தேடுறன், காணல்ல. தேடினா அந்தத் தட்டுற சத்தம் போட்டதுதான் வருகுது. அது எனக்கு வேணாம். சும்மா அழுதீங்களே, அது எங்க?"

நஸ்லா பையைத் தோளில் இருந்து இறக்காமலே நின்றாள். அவர் அதைப் பார்ப்பவர் என்றே அவளுக்குத் தெரியாது. ஊர் சிரிப்பது அவர் காதில் விழக்கூடாது என்றுதான் இவ்வளவு நாளும் அவரிடம் எதையும் சொல்லாமல் இருந்தாள்.

"ஏன் வாப்பா அதப் பாக்கிறீங்க?"

முருங்கைப் பூவொன்று அவர் மடியில் விழுந்தது. அதை எடுத்து விரலுக்குள் நசுக்கினார்.

"தண்ணி முடிஞ்ச மறுகா, மத்தவங்க மூணு பேரும் படுத்துட்டாங்க. நான் மட்டும் முழிச்சிக்கிட்டு இரிந்தன். என்ன நெனச்சன் தெரியுமா? நான் வீட்ட இரிந்த காலத்தவிடக் கடல்ல கெடந்த காலம்தான் கூட. நான் வந்தா நீங்க ரெண்டு பேரும் அறைக்குள்ள போயிருவீங்க. என்னோட கதைக்க உங்களுக்கு ஒண்டும் இரிக்கல்ல, எனக்கும் இரிக்கல்ல. இந்த மனிசன் போனா இந்த வீட்டில என்ன கொறையப் போகுது எண்டுதான் நெனச்சன். கரைக்கு வந்த மறுகா அந்தப் பொடியன் அதக் காட்டினான்." நசுங்கிய பூவைக் கீழே போட்டார். "அதத்தான் ஒவ்வொரு நாளும் பாத்துட்டு எழும்புவன்."

சுவரில் காய்ந்த தலைச்சீலையை நஸ்லா பார்த்தாள். அது உம்மாவுடையது. பொய்க்கு அழுதவள் அல்ல அவள். அவருக்காக அழுதவள்தான். அழுதது அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சேர்ந்த ஒன்றே ஒன்றை இரண்டு நாளுக்கு முந்தி அவளே போய் அழிப்பித்துவிட்டு வந்திருக்கிறாள். சிரிக்கிறவர்களிடம் இருந்த ஒன்றும் குறையவில்லை. வாப்பாவிடம் இருந்தது மட்டும்தான் போயிருந்தது.

"படிச்ச புள்ளதானே, ஒருக்காத் தேடி எடுத்துத் தாங்க மகள். ஃபோனுக்குள்ளயே வெச்சித் தாங்க. அங்க சிக்னல் இல்ல."

"எங்க வாப்பா?"

"கடல்லதான். வாற வெள்ளி கழிச்சிப் போறன் எண்டு முதலாளிட்டச் சொல்லிட்டன். அது கையில இரிந்தாப் பயம் இல்ல."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஸஹீதுக்கு மெசேஜ் போட்டாள். அழித்த வீடியோ அவனிடம் இருக்கிறதா என்று கேட்டாள். அவன் காரணம் கேட்கவில்லை. கணினியில் இருந்ததை எடுத்து அனுப்பினான். சரியானதுதானா என்று பார்க்கவேண்டியிருந்தது. இத்தனை மாதங்களில் அவள் அதை முழுதாகப் பார்த்ததே இல்லை. தாளம் இல்லாமல், வெட்டு இல்லாமல், காற்று இரைகிற சத்தத்தோடு அது ஓடியது. சொற்களுக்கு இடையில் இவ்வளவு நேரம் பேசாமல் நின்றிருக்கிறாள் என்பது அவளுக்கு ஞாபகமே இல்லை. பின்னால் உம்மா ஒரு பெண்ணின் தோளில் சாய்ந்திருந்தாள். தன் வாய் திறக்கும் இடம் வந்ததும், அவளை அறியாமல் காது அந்தத் தாளத்துக்காகக் காத்து நின்றது. தாளம் வரவில்லை. வராதது குறைபோலப் பட்டது. பயந்துபோய் நிறுத்தினாள். பிறகு அதை வாப்பாவின் ஃபோனுக்குத் தன் கையாலேயே அனுப்பினாள். பின்வளவில் டிங் என்று சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய அழுகையும் கேட்டது.

வெள்ளிக்கிழமை கழிந்து, சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் பரவிய நேரம் கடற்கரைக்குப் போனார்கள். ஒலுவில் துறைமுக வாயை மணல் மூடியதில் இருந்து ஆழ்கடல் படகுகள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டுத்தான் நிற்கும். ஆட்களைச் சின்னத் தோணியில் ஏற்றிப் படகில் கொண்டுபோய் விட வேண்டும். உம்மா சாப்பாட்டு வாளியும் உடுப்புப் பையும் கொண்டுவந்தாள். ஆதம்லெவ்வை திரும்பவும் கடலுக்குப் போகிறார் என்ற கதை எப்படியோ பரவியிருந்தது. ஸஹீதைக் காணவில்லை. ஆனால் வேறு பேஸ்புக் பக்கங்களின் பொடியன்கள், பாடசாலைப் பிள்ளைகள், பக்கத்து மீன்வாடிக்காரர்கள் என்று நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். எல்லாருடைய முகமும் மலர்ந்திருந்தது. ஒருவர் வாப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு பொடியன் நஸ்லாவிடம் வந்து, "ராத்தா, கெட்டதுக்கு இல்ல, நல்லதுக்குத்தான், ஒருக்காச் சொல்லி வழியனுப்புங்களன்" என்று மரியாதையாகக் கேட்டான். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு உம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

வாப்பா தோணியில் ஏறினார். இரண்டு பேர் தள்ளினார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் தோணி ஒருமுறை தூக்கி அமர்ந்தது. அப்போதுதான் அவர் திரும்பினார். கரையில் நின்ற எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் வெட்கமும் பெருமையும் சேர்ந்து இருந்தன. நஸ்லா அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"மகள்!" என்று கூப்பிட்டார். "அத ஒருக்காச் சொல்லுங்களன்."

கரை ஆரவாரித்தது. "சொல்லுங்க, சொல்லுங்க" என்றார்கள். கைகள் உயர்ந்தன. எல்லாக் கையிலும் ஃபோன். உம்மாவும் எல்லாம் மறந்து சிரித்தபடி, "சொல்லன் புள்ள, வாப்பா கேக்காரு" என்று முதுகில் தட்டினாள்.

நஸ்லா நடந்தாள். செருப்போடு, ஹபாயாவோடு, தண்ணீருக்குள் இறங்கி நடந்தாள். முழங்கால், தொடை, இடுப்பு. பின்னால் "ஓ" என்று சத்தம் எழுந்தது. துணி கனத்துக் காலைப் பின்னால் இழுத்தது. தோணியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாப்பா குனிந்து காதைக் கொடுத்தார். அவருடைய காதோரம் மயிர் நரைத்து, உப்புப் படிந்து கிடந்தது. அத ஃபோன்ல இரிந்து அழிச்சிருங்க வாப்பா என்றுதான் சொல்ல வந்தாள். நடந்து வரும்போதே அந்தச் சொற்களை அடுக்கி வைத்திருந்தாள்.

"கெதியா வந்துருங்க வாப்பா" என்று சொன்னாள்.

அவர் சிரித்தார். "அது இல்ல புள்ள, மத்தது" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. தோணிக்காரன் இஞ்சின் கயிற்றை இழுத்தான். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. விளிம்பு அவளுடைய விரல்களை விட்டு நழுவியது. வாப்பா கையை உயர்த்தினார், ஏதோ சொன்னார், இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. கடலில் வெள்ளைக் கோடு ஒன்று நீண்டுகொண்டு போனது. தோணி சிறுத்தது. நங்கூரமிட்டு நின்ற படகின் மறைவுக்குப் போனது.

"ராத்தா, என்ன சொன்னீங்க?" என்று பின்னால் இருந்து ஒருவன் கத்தினான். "என்ன சொன்னீங்க? திரும்புங்க ராத்தா, ஒருக்காத் திரும்புங்க!" வேறு குரல்களும் சேர்ந்தன. அவை கிட்ட வருவது தெரிந்தது. சிலர் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். கழுத்து வரை ஈரமான துணி உடம்போடு ஒட்டிக்கிடந்தது. திரும்பினால் முகம் ஃபோன்களில். நின்றால் அலை. அடுத்த அலை அவளுடைய நெஞ்சில் மோதி, காலை மணலில் இருந்து ஒரு கணம் தூக்கி, மறுபடி வைத்துவிட்டுப் போனது. அவள் கைகளைத் தண்ணீருக்குள் விட்டபடி, கடலைப் பார்த்தே நின்றாள்.